கையிருப்பு என்று எதை எழுதுவது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் மண்டபத்து வகுப்பில் பிள்ளைகளிடம் "உங்கள் கடையைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்" என்றேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் கடையில் 12 மூட்டை அரிசி மீதி இருக்கிறது." அவளுடைய அப்பா அன்று காலையில்தான் பயின்னாங் சந்தையிலிருந்து அந்த 12 மூட்டையையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஒன்றைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காத மூட்டை எப்படியம்மா மீதியாகும் என்று கேட்டேன். "லெச்சான் என்றால் மீதிதானே, சயாமா?" என்று திருப்பிக் கேட்டாள். சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை.

அவள் கேட்டது நியாயம்தான். யாங்கோனில் பிறந்து பர்மியப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைக்கு முதலில் நினைவுக்கு வருவது பர்மியச் சொல்தான். கடையில் உள்ள சரக்கானாலும் வங்கிக் கணக்கில் உள்ள பணமானாலும் அங்கே லெச்சான்தான். லெத் என்றால் கை, சான் என்றால் மிஞ்சுவது. கையில் மிஞ்சியது என்று அந்த மொழி பார்க்கிறது. தமிழும் கையிலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் மிஞ்சியதைப் பார்ப்பதில்லை, இருப்பதைப் பார்க்கிறது. கையிருப்பு. இந்த ஒரு வினை மாறுவதால் கணக்கே மாறிப்போகும். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க அன்றைய வகுப்பு முழுவதும் தேவைப்பட்டது. வகுப்பில் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பருப்பு வியாபாரம். உளுந்து, துவரை, பாசிப்பயறு. கடையின் இருப்பு நோட்டை நான் சுமார் முப்பது வருஷமாகத் தமிழில் எழுதி வருகிறேன். அதனால் இந்தச் சொல் எனக்கு அகராதியில் உள்ள சொல் அல்ல, தினமும் சாயங்காலம் எழுதுகிற சொல்.

முதலில் சொல் பிறந்த இடம். படி என்பதிலிருந்து படிப்பு, சிரி என்பதிலிருந்து சிரிப்பு. அதுபோல இரு என்பதிலிருந்து இருப்பு. இருப்பிடம், குடியிருப்பு, காத்திருப்பு, சிறையிருப்பு எல்லாம் ஒரே குடும்பம். மகன் வீடு திரும்ப நேரமானால் தாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். ஆகவே கணக்கில் இருப்பு என்று எழுதினால், இந்தப் பொருள் இன்று இங்கே இருக்கிறது என்று சாட்சி சொல்கிறோம். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதெல்லாம் வேறு கட்டங்களுக்கு உரிய செய்தி.

மீதி என்று சொல்ல, முன்பு ஒரு முழுமை இருந்து அதில் கொஞ்சம் போயிருக்க வேண்டும். 12 மூட்டையில் 5 விற்றால் 7 மீதி. அந்த ஏழையே இருப்பு என்றும் எழுதலாம், ஏனென்றால் அது இருக்கிறது. ஆனால் பிரிக்காத 12 இருப்பு மட்டும்தான். மிச்சம் என்பது மீதியின் வீட்டுப் பெயர். சோறு மிச்சம், துணி மிச்சம் என்போம், கடை நோட்டில் அது வராது. பாக்கி என்றால் இன்னும் கைக்கு வராதது, அல்லது நாம் இன்னும் கொடுக்காதது. ஒருவர் 5 மூட்டை உளுந்தைக் கடனுக்கு எடுத்துப் போனால் அந்த 5 மூட்டையின் பணம் பாக்கி. நல்ல மனிதர், நாளைக்கே தந்துவிடுவார் என்றாலும் அது இருப்பில் சேராது. எங்கள் ஊரில் கணக்கு நொடித்துப்போன கடைகளில் நான் பார்த்த தவறு பெரும்பாலும் இதுதான்: பாக்கியை இருப்போடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு, நம்மிடம் நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

சேமிப்பு இன்னும் வேறு. வேண்டுமென்றே, பின்னால் உதவும் என்று ஒதுக்கி வைப்பது சேமிப்பு. கடையில் விற்பதற்காக அடுக்கிய மூட்டை இருப்புதான், சேமிப்பு ஆகாது. அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்த விதைநெல் இரண்டும் ஆகும். விலை ஏறட்டும் என்று மறைத்து வைத்தால் அதற்குப் பெயர் பதுக்கல். பதுக்கல் என்பது ஒரு குற்றச்சாட்டு. அதை ஒருவர்மேல் எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். மழைக்காலத்தில் வழி அடைபடும் என்று இரண்டு மாத அரிசியை வாங்கி அடுக்குகிற வீட்டைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

சரி, இருப்புக்கும் கையிருப்புக்கும் என்ன வித்தியாசம்? பலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள், பாதி நேரம் தவறும் இல்லை. ஆனால் வித்தியாசம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் கிடங்கிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு வாரம் தொடங்கும்போது உளுந்து 40 மூட்டை. இதை முன்னிருப்பு என்று எழுதுவோம். ஆரம்ப இருப்பு, தொடக்க இருப்பு என்று எழுதுபவர்களும் உண்டு, எல்லாம் சரிதான். வாரத்தில் வந்தது 25. ஆக 65. விற்றது 38. இப்போது நோட்டில் 27 வரும். இது ஏட்டிருப்பு. அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய் எண்ணினால் 29 நிற்கிறது. இரண்டு கூடுதலா என்று சந்தோஷப்படக் கூடாது. விற்ற 38-இல் 3 மூட்டையை வாங்கியவர் பணம் கட்டிவிட்டார், லாரி கிடைக்காததால் இன்னும் எடுத்துப் போகவில்லை. அந்த மூன்றும் நம் கிடங்கில் இருக்கிற அடுத்தவர் சரக்கு. அதைக் கழித்தால் 26. ஏட்டில் உள்ள 27-க்கு ஒன்று குறைகிறது. தேடிப் பார்த்தால் ஒரு சாக்கு கிழிந்து கொட்டி, அள்ளியதை வேலையாள் மற்ற மூட்டைகளில் போட்டுத் தைத்திருக்கிறார்.

இப்போது நோட்டில் எழுத வேண்டியது இது. கிடங்கு இருப்பு 29. அதில் அடுத்தவர் சரக்கு 3. கையிருப்பு 26. ஏட்டுக்குக் குறைவு 1, காரணம் இன்னது. கண்ணால் பார்க்கிற இடத்தில் உள்ள எல்லாம் இருப்பு. அதில் நம் கைக்கு உரியது, நாம் நினைத்த நேரத்தில் எடுத்துப் புழங்கக்கூடியது கையிருப்பு. அப்பா அடுத்தவர் சரக்கின் மேல் ஒரு மஞ்சள் துணிக்கீற்றைக் கட்டிவிடுவார், எண்ணும்போது கை தானாகவே விலகும். நானும் அப்படியே செய்கிறேன்.

குறைவு எழுதுவதற்கு வெட்கப்படாதீர்கள். குறைவை எழுதாமல் அடுத்த வாரத்து முன்னிருப்பில் 27 என்றே போட்டுவிட்டால், அந்த ஒரு மூட்டைப் பொய் வருஷக் கடைசியில் சொத்தையும் கடனையும் சேர்த்துக் காட்டுகிற ஐந்தொகை வரைக்கும் கூடவே வரும்.

இந்தப் பழக்கம் அப்பாவுக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. தாத்தா சின்ன வயதில் ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு வந்து, மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக வேலை பார்த்தவர். பல லேவாதேவிக் கடைகள் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு பகுதியாக இருக்கும், அந்தக் கட்டடத்துக்குத்தான் கிட்டங்கி என்று பெயர். சரக்கு வைக்கிற கிடங்கோடு உறவுள்ள சொல். பர்மியர்கள் சொல்கிற கொடாங்கும் மலாய்க்காரர்கள் சொல்கிற குடாங்கும் அந்த வரிசையில் வருபவைதான். பெட்டியடிப் பையன் என்றால் பணப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து ஏவிய வேலை செய்கிற பையன். சாயங்காலம் பெரியவர்கள் சிட்டையில், அதாவது தினசரிக் கணக்கு ஏட்டில், ரொக்க இருப்பு எழுதும்போது, பெட்டியில் உள்ளதை எண்ணிச் சொல்வது அவர் வேலை. ஏட்டில் உள்ளதை அவருக்குக் காட்டவே மாட்டார்களாம். காட்டினால் கை அந்தத் தொகைக்கு எண்ணிவிடும் என்பார்கள். நான் வேலைக்கு வைக்கிற பிள்ளைகளிடமும் ஏட்டைக் காட்டாமல்தான் எண்ணச் சொல்கிறேன்.

தாத்தாவிடம் அவர் தனக்கென்று எழுதிய சின்னச் சிட்டை ஒன்று இருந்தது. 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியர் குண்டு விழுந்தது. அவர் சிட்டையில் கடைசி வரி 22-ஆம் தேதி: "ரொக்க இருப்பு ரூ. 14-6-0." பதினான்கு ரூபாய் ஆறு அணா. 1952-இல் சாட் என்ற பர்மிய நாணயம் வரும்வரை இங்கேயும் ரூபாய்தான். அடுத்த பக்கத்தில் முன்னிருப்பு என்று தலைப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறார், தொகை இல்லை. பலர் இந்தியாவுக்கு நடந்தார்கள். அவர் பெகுப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒதுங்கினார். ஜப்பானியர் அடித்த நோட்டுகள் போர் முடிந்ததும் வெறும் காகிதமாயின. அதற்குப் பிறகு தாத்தா எழுதிய கணக்குகளில் வரிசை மாறியிருக்கிறது. முதலில் நெல், பிறகு எண்ணெய், பிறகு உப்பு, கடைசியில்தான் ரொக்கம்.

இதே பாடத்தை நாங்களும் படித்தோம். 1964-இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 சாட் நோட்டுகள் முன்னறிவிப்பில்லாமல், மாற்றித் தருவதும் இல்லாமல் செல்லாதவையாயின. எனக்கு அப்போது பத்து வயது. அன்று இரவு அப்பா பெட்டியைத் திறந்து எண்ணினார், வழக்கம்போல. எண்ணி முடித்து நோட்டில் ரொக்க இருப்பு என்று எழுதிவிட்டு, செல்லும் நோட்டு இவ்வளவு, செல்லாத நோட்டு இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துப் போட்டார். செல்லாத கட்டு கையில்தான் இருந்தது. ஆனால் அதைக் கையிருப்பில் அவர் சேர்க்கவில்லை. கையிருப்பு என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது மூன்று கேள்விகள். இன்றைக்கு இருக்கிறதா? எண்ணவோ அளக்கவோ முடிகிறதா? நம் சொற்படி எடுத்துப் புழங்க முடியுமா? முதல் இரண்டுக்கும் ஆம் என்றால் இருப்பு. மூன்றாவதுக்கும் ஆம் என்றால் கையிருப்பு.

செய்தித்தாளைப் படிக்கும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். மேட்டூர் அணையைப் பற்றி எழுதும்போது நீர் இருப்பு என்கிறார்கள். 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. நீர் இருப்பு. அளக்க முடிகிறது, ஆகவே இருப்பு. யார் கையிலும் இல்லாததால் அங்கே கையிருப்பு என்றால் காதில் ஒட்டாது. ஒரு நாட்டின் அன்னியச் செலாவணிக்கும் தங்கத்துக்கும் கையிருப்பு என்று எழுதுகிறார்கள். அந்தப் பணம் வெளிநாட்டு வங்கியில் கிடந்தாலும், எடுத்துச் செலவழிக்கிற உரிமை அந்த நாட்டின் கையில் இருக்கிறது. வங்கிகள் கட்டாயமாக ஒதுக்கி வைக்க வேண்டிய பங்கை ரொக்க இருப்பு விகிதம் என்கிறார்கள். எடுத்துப் புழங்க முடியாததால் அங்கே கை வரவில்லை, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். இந்திய உணவுக் கழகம் அரிசியும் கோதுமையும் வாங்கி வைப்பதைத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் தாங்கியிருப்பு என்கிறது. தட்டுப்பாடு வரும்போது தாங்கிப் பிடிக்கிற இருப்பு. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. நம் ஊரில் நெல் கட்டுகிறவர்களும் பழகிக்கொள்ளலாம்.

வங்கியில் குறித்த காலத்துக்குப் போட்ட பணம் வைப்பு, கையிருப்பு அல்ல. வேலை பார்ப்பவர்களின் ஓய்வுக்காலப் பணத்துக்குத் தமிழ்நாட்டில் வருங்கால வைப்பு நிதி, மலேசியாவில் சேமநிதி. உறவினருக்குக் கடிதம் எழுதும்போது அவர்கள் ஊர்ச் சொல்லை எழுதினால் உடனே புரியும்.

இனி எழுத்துப் பிழை. சேர்த்து எழுதும்போது பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இது. கை + இருப்பு கையிருப்பு, நடுவில் ய் வரும். சரக்கு + இருப்பு சரக்கிருப்பு. நெல் + இருப்பு நெல்லிருப்பு. முன் + இருப்பு முன்னிருப்பு. இருப்புக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: இருப்புக் கணக்கு, இருப்புச் சோதனை, இருப்புத் தொகை, இருப்புப் பட்டியல். விலை, மதிப்பு வந்தால் மிகாது: இருப்பு விலை, இருப்பு மதிப்பு. ஒரே ஒரு இடத்தில் இலக்கணம் அனுமதித்தாலும் சேர்க்காதீர்கள். பணம் + இருப்பு என்பதைச் சேர்த்தால் பணவிருப்பு என்று வரும். படிப்பவர் பணத்தின்மேல் விருப்பு என்று எடுத்துக்கொள்வார். பண இருப்பு, ரொக்க இருப்பு என்று பிரித்தே எழுதுங்கள்.

பழைய கணக்கைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தாத்தா சிட்டையில் "இருப்புப் பெட்டிச் சாவி" என்று ஒரு வரி உண்டு. சின்ன வயதில் நான் அதைச் சரக்கு வைக்கிற பெட்டி என்றே நினைத்தேன். அது இரும்புப் பெட்டி. இரும்பு என்ற சொல்லோடு வேறு சொல் சேரும்போது நடுவிலுள்ள ம், ப் ஆகிவிடும். இருப்புப்பாதை, இருப்புச்சட்டி எல்லாம் அப்படித்தான். ரயில் பாதைக்கும் கடை இருப்புக்கும் உறவு எதுவும் இல்லை. எந்த இருப்பு என்பதை இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடையிலும் அப்படியே ஒரு பொறி இருக்கிறது. பர்மிய எடையை ஆங்கிலேயர் விஸ் என்று எழுதினார்கள், அது நம் வீசையிலிருந்து போன பெயர். பெயர் ஒன்றானாலும் எடை ஒன்றல்ல. இங்கே ஒரு விஸ் ஏறக்குறைய 1.63 கிலோ. சென்னைப் பக்கத்து வீசை ஏறக்குறைய 1.4 கிலோ. பழைய சிட்டையில் "இருப்பு 100 வீசை" என்று கண்டால், எழுதியவர் எந்த ஊர்த் தராசில் நிறுத்தார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடை இல்லாத வீட்டிலும் இருப்புக் கணக்கு வைக்கலாம், அதுவும் சுலபம். எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பால் டப்பாவால். எட்டு டப்பா ஒரு பியி. வழக்கமான பெரிய மூட்டை 24 பியி, அதாவது 192 டப்பா. நாங்கள் ஐந்து பேர், ஒரு நாளைக்கு 6 டப்பா போடுகிறோம். ஆக மூட்டை 32 நாளைக்கு வரும். நான் சமையலறைக் கதவின் பின்னால் மூட்டை எண்ணிக்கையை எழுதுவதில்லை, "அரிசி இருப்பு: 32 நாள்" என்று நாள் கணக்கில்தான் எழுதுகிறேன். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்து ஊரே முடங்கியபோது, கதவின் பின்னால் 19 நாள் என்று இருந்தது. பக்கத்து வீட்டுக்கு எத்தனை டப்பா தயங்காமல் கொடுக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

தீர்ந்துபோனால் என்ன எழுதுவது? அப்பத்தா அரிசிப் பானை காலியானால் இல்லை என்று சொல்லமாட்டார், "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார். நாங்கள் புரிந்துகொண்டு கடைக்கு ஓடுவோம். வீட்டுப் பேச்சுக்கு அது அழகு. நோட்டில் அப்படி எழுதினால் ஆபத்து. அப்பாவுக்கும் இல்லை என்று எழுத மனம் வராது, அதனால் "இருப்பு 0, வர வேண்டியது 10" என்று எழுதுவார். அந்தப் பத்து, கொள்முதலுக்குச் சொல்லியிருக்கிற மூட்டை. வருவதை எழுதிய கை பூஜ்யத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது. நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

கடைசியாகத் தேதி. தேதி போடாத இருப்பை நான் திருத்துவதே இல்லை, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இருப்பு என்பது ஒரு நாளின் சாயங்காலத்தில் மட்டும் உண்மையாக இருக்கிற தொகை, மறுநாள் காலை முதல் மூட்டை நகர்ந்ததும் அது முன்னிருப்பாகிவிடும். அந்தப் பெண் அடுத்த வாரம் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். தேதி, கிழமை, "பௌசான் அரிசி, இருப்பு 7 மூட்டை, அதில் கையிருப்பு 6" என்று இருந்தது. அந்த ஒன்று யாருடையது என்று கேட்டேன். பக்கத்துக் கடைப் பெரியம்மா பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், மகன் வந்ததும் தூக்கிப் போவானாம்.